சங்கத் தலைவரை நெதர்லாந்துக்கு அனுப்பிய கதை

ஆரணியில் கண்ணாடிக் கதவு போட்ட முதல் எஸ்.டி.டி. பூத் என்னுடையது. முதல் கலர் ஜெராக்ஸ் மெஷினை லாரியிலிருந்து இறக்கியவன் நான். அதில் எடுத்த முதல் நகல் என் முகம். முதல் பிரவுசிங் சென்டர் என்னுடையது. முதல் ஏ.சி. பிரவுசிங் சென்டரும் என்னுடையதுதான். ஏ.சி. கொஞ்ச நாள் ஓடியது, போர்டில் மட்டும் கடைசி வரை ஓடியது. வெளிநாட்டு மாப்பிள்ளையின் முகத்தைக் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணுக்குத் திரையில் காட்டியவன் நான். ரிசல்ட் வரும் நாளில் என் கடை வாசலில் நின்ற கூட்டம் தேர் இழுக்கும் நாளில்கூட நின்றதில்லை. இவ்வளவையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா தறியில் உட்கார வைத்தார், எனக்குக் கால் தங்கவில்லை. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது கீபோர்டில் இருக்கும் எழுத்துகள் மட்டும். அவையும் அந்த வரிசையில்தான் தெரியும்.

கொரோனாவுக்குப் பிறகு கடையை மூடிவிட்டேன். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. அங்கே இருக்கும் பையன்கள் நான் நடந்து போனால் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார்கள். போன வாரம் ஒருவன் கேட்டான்: “ஏகாம்பரம்ணா, பிரவுசர்ல பிரைவேட்டுன்னு வர இந்தக் கறுப்புப் பக்கம் தொறந்து பாத்தா நாம பாக்கறது யாருக்கும் தெரியாதாமே?”

“உன் பொண்டாட்டிக்குத் தெரியாது. அவ்ளோதான்,” என்றேன். “லைன் குடுக்கறவனுக்குத் தெரியும், அந்தப் பக்கத்துக்காரனுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாம பாக்கறது வேற வித்தை. அத்த இந்த ஊருக்குக் கொண்டாந்தவன் யாருன்னு நெனச்ச?”

“நீங்கதானே?” என்று சலிப்பாகச் சொன்னான். எதைக் கேட்டாலும் நான் ‘நானே’ என்பேன் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பே ஒருமுறை ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

தொழில் கற்றது வேலூரில், கரீம் பாய் கடையில். கற்ற காலத்தைச் சுருக்கிவிடலாம்: கூட்டினேன், துடைத்தேன், பார்த்தேன், தெரிந்துகொண்டேன். ஆனால் பாயைச் சுருக்க முடியாது. வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை, மெல்லிய குரல். கம்ப்யூட்டர் வரிசைக்குள் நுழையும் முன்பு இருமுவார். சளி இருமல் இல்லை, ‘நான் வருகிறேன், நீங்கள் எதையாவது மூட வேண்டுமானால் மூடிக்கொள்ளுங்கள்’ என்கிற இருமல். கஸ்டமரின் முதுகுப் பக்கம் ஒருநாளும் நிற்க மாட்டார். சந்தேகம் கேட்டால் பக்கவாட்டில் வந்து கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கல்லூரிப் பெண்ணின் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டேன். வெளியே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

“ஏகாம்பரம், மத்தவங்களுக்கு வர லெட்டரப் பிரிச்சுப் படிப்பியா?”

“மாட்டேன் பாய்.”

“அப்ப ஏன் எட்டிப் பாக்கற? இன்னொரு தபா பாத்தேன், ஜல்தி ஊருக்கு பஸ் ஏறிடு.”

ஒருவர் எழுந்து போனதும் அவர் பார்த்ததையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். நான் ஒருநாள் சோம்பல்பட்டபோது கேட்டார்: “கல்யாணப் பந்தியில ஒருத்தர் சாப்ட்ட எலையில இன்னொருத்தர உக்கார வப்பியா?” அன்றிலிருந்து நான் இலை எடுக்காமல் ஒருவரையும் உட்கார வைத்ததில்லை. அந்த இருமலையும் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஆஸ்துமா என்று ஆரணியில் பாதிப் பேர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கடைக்கு வந்தவர்களிடம் சட்டப்படி அடையாள அட்டை நகல் வாங்கினேன், கையெழுத்தும் வாங்கினேன். அது போலீசுக்கு. அவர்கள் முறைப்படி கேட்டால் கொடுப்பேன். பட்டுக் கடைக்காரர் கேட்டால் டீ கொடுத்து அனுப்புவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கஸ்டமர் இருந்தார். ஆணா பெண்ணா என்று எழுத மாட்டேன். எந்தத் தெரு, என்ன வயது, எதுவும் எழுத மாட்டேன். ஒரு மழை நாளில் நனைந்துகொண்டே வந்து, குடையை, சரி, அதுவும் வேண்டாம். ஊரில் பாதிப் பேரைப் போலத் தறியை நம்பிச் சாப்பிடும் வீடு என்பது மட்டும் போதும்.

அப்போது ஊரில் ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. பட்டுக் கடைக்காரர் தறியில் ஏற்றப் பாவு நூலும் கொடுப்பார், சரிகையும் கொடுப்பார். நெசவாளி வீட்டில் நெய்து புடவையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். சில மாதம் கழித்து சரிகை கறுத்துப் போனது என்று புடவை திரும்பி வரும். உடனே நெசவாளியின் கூலியில் பிடிப்பார்கள். சரிகையை வாங்கியது கடைக்காரர், கறுத்தது சரிகை, கூலி போனது நெசவாளிக்கு. கேட்டால் அடுத்த பாவு கிடைக்காது. ஒரு கடைக்காரர் பாவை நிறுத்தினால் மற்ற கடைக்காரரும் கொடுக்க மாட்டார். தறி சும்மா நிற்கும். அதனால் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கஸ்டமர் கேட்க நினைத்தார். இணையத்தில் ‘சரிகை கொடுத்தது யார்?’ என்று ஒரு பக்கம் ஆரம்பிக்க வேண்டும், எழுதியது யார் என்று எவருக்கும் தெரியக் கூடாது என்றார்.

“ஐயா, என்னைக் கண்டுபிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் தறி ஓடாது. அதற்கு வழி இருக்கிறதா?” என்று கேட்டார். ஆரணியில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அவர் பேசியபடியே எழுதினால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் நான்தான் புத்தகத் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன். இந்த முன்யோசனையையும் கவனிக்கவும்.

எனக்கு வழி தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. “நாளைக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டுக் கரீம் பாய்க்குப் போன் போட்டேன்.

“வெங்காயம் படம் போட்ட பிரவுசர் ஒண்ணு கீது,” என்றார் பாய். “அத்த எறக்கு. நீ அனுப்பறது நேரா போவாது. மூணு கை மாறிப் போவும். ஒவ்வொரு கையும் ஒரு உறையத்தான் பிரிக்கும். மொத கைக்கு நீ யாருன்னு தெரியும், எங்க போறன்னு தெரியாது. கடசிக் கைக்கு எங்க போவுதுன்னு தெரியும், யாரு அனுப்பினான்னு தெரியாது. நடுவுல கீறவனுக்கு ரெண்டும் தெரியாது.”

“நடுவுல கீறவன் எதுக்கு பாய்?”

“மொத ஆளும் கடசி ஆளும் பேசிக்காம இருக்கத்தான்.”

மறுநாள் கஸ்டமருக்கு நான் இதைவிட நன்றாக விளக்கினேன். “நம்ம ஊர்ல நெய்யற பொடவ தரகர் கைக்குப் போவுது, அங்கேந்து காஞ்சிபுரம் கடைக்குப் போவுது. மெட்ராஸ்ல வாங்கற அம்மாவுக்கு அது காஞ்சிபுரம் பட்டு. ஆரணியில எந்த வீட்டுத் தறின்னு அந்தம்மா தலகீழா நின்னாலும் தெரியுமா? அதான் இது,” என்றேன். கஸ்டமருக்கு உடனே புரிந்தது. இந்த உதாரணம் என் சொந்தம். படித்தவர்கள் யாராவது பயன்படுத்தினால் பெயர் சொல்லிப் பயன்படுத்தவும்.

வெங்காயம் மட்டும் போதாது என்றும் பாய் எச்சரித்திருந்தார். அவர் சொன்னபடி நான் வைத்த முறை இது. கஸ்டமர் வரும்போது செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். சொந்த மெயிலை அந்த பிரவுசரில் திறக்கவே கூடாது. முகமூடி போட்டுக்கொண்டு சட்டையில் பெயரை ஒட்டிக்கொள்கிற வேலை அது. எழுதுவதில் தன் தெரு, தன் கடைக்காரர், தன் வீட்டு விசேஷம் எதுவும் வரக் கூடாது. எழுதிய சூட்டோடு போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறு நாள், வேறு நேரம் பார்த்துத்தான் போட வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு, முதல் பதிவிலேயே மாட்டிக்கொள்ளப் பார்த்தார். கறுத்த சரிகையைக் காட்டுவதற்காக ஒரு புடவையைப் படம் எடுத்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். முந்தானை, கரை, உடல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நான் பக்கவாட்டில் நின்று கூரையைப் பார்க்க வேண்டியவன். ஆனாலும் கண் போய்விட்டது. கரையையும் உடலையும் கோர்த்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது, இன்னார் கை என்று. தறியில் கால் தங்காத எனக்கே தெரிந்தால் கடைக்காரருக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர் எத்தனை நாடு சுற்றிப் போனால் என்ன? அந்தக் கோர்ப்பு இன்னார் வீடு என்று போய்ச் சொல்லிவிடும்.

“இந்தப் படம் போட்டீங்கன்னா வூட்டு வெலாசம் போட்டா மாதிரி,” என்றேன்.

கஸ்டமர் கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு கறுத்த சரிகை இழை மட்டும் தெரியும்படி படத்தை வெட்டினோம். சுரண்டினால் உள்ளே செம்பு தெரிகிற மாதிரி நகத்தளவு துண்டு. அது யார் தறியிலும் இருக்கும் துண்டு. உலகத்தில் எந்த வெங்காயமும் செய்ய முடியாத வேலையை அன்று இந்த ஏகாம்பரம் செய்தான்.

பக்கம் வெளியானது. ஊர் கொதித்தது. தறி வீடுகளில் போனைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் அப்போது கஜபதி. நல்ல ஆகிருதி, பெரிய குரல், கோபம் வந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொள்ளுவார். ஊரில் கேபிள் வழியாக இன்டர்நெட் கொடுத்தவன் அவர் மைத்துனன் பாபு. “அந்தப் பக்கம் ஆரணியில தெரியக் கூடாது,” என்று தலைவர் சொன்னார். பாபு நிறுத்திவிட்டான். ஊரே அவன் லைனில் இருந்ததால் ஊருக்கே தெரியவில்லை. என் கடையில் வெங்காயம் வழியாகத் தெரிந்தது. அந்த வாரம் என் கடைக்கு வந்த கூட்டத்தில், மெயில் பார்க்க வந்தேன் என்று சொன்ன ஒருவருக்கும் மெயில் கணக்கு கிடையாது.

பிறகுதான் விபரீதம். சங்கத்துக்கு ஒரு வெப்சைட் இருந்தது. அதில் ‘உங்கள் கருத்து’ என்று ஒரு பெட்டி. கஸ்டமர் அதில் போய், ‘சரிகை வாங்கிய ரசீதைச் சங்கம் வெளியிடுமா?’ என்று கேட்டுவிட்டார், வெங்காயம் வழியாகத்தான். சங்கம் சென்னையிலிருந்து டை கட்டிய ஒரு கம்ப்யூட்டர் ஆளை வரவழைத்தது. அவன் பார்த்துவிட்டு, இந்தக் கேள்வி ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, போய்விட்டான்.

ஆரணியில் ஜெர்மனி என்றால் ஒரே வீடுதான். சர்ச் தெரு சாமுவேல் வாத்தியார் மகள் அங்கே நர்ஸ். வாத்தியாரின் தம்பி வீட்டில் தறி ஓடியது. மறுநாள் அந்தத் தம்பி பாவு வாங்கப் போனால், பாவு இல்லை என்றார்கள். அடுத்த கடையிலும் இல்லை. எந்தக் கடையிலும் இல்லை.

வாத்தியார் என் கடைக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “ஏகாம்பரம், எம் பொண்ணுக்குப் பட்டுப் பொடவ கட்டவே தெரியாதுப்பா. கல்யாணத்துக்கு ஊசி ஊசியா குத்தித்தான் நிக்க வச்சோம். அவ போயி சரிகையைப் பத்தி எழுதுவாளா? தம்பி வூட்டுல பேசவே மாட்டேன்றாங்க. பேஜாரா கீதுப்பா.”

அன்று மாலையே கஸ்டமரும் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “நான் செய்ததற்கு வாத்தியார் குடும்பம் தண்டனை அனுபவிக்கிறது. தலைவரிடம் போய் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்,” என்றார்.

“சொன்னா உங்க தறி நிக்கும்.”

“சொல்லாவிட்டால் அவர்கள் தறி நிற்கிறதே?”

“ஒரு நாள் பொறுங்க. நான் பாத்துக்கறேன்,” என்றேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை தலைவர் கடைக்குப் போனேன். மெத்தையில் தலைவர், சுற்றிலும் நாலைந்து வியாபாரிகள், நடுவில் விரித்துப் போட்ட புடவைகள்.

“தலைவரே, வாத்தியார் வூட்ட வுட்ருங்க. அந்தப் பக்கத்த எழுதறது நான்தான்.”

தலைவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்க ஆரம்பித்தது.

“நீயா? யோவ், போன மழைக்கு ஆத்துல தண்ணி வந்தப்ப கலெக்டருக்கு மெயில் அனுப்பி வரவச்சது நான்தான்னு சொன்னவன் நீ.”

“அது வந்து தலைவரே...”

“பெரணமல்லூர் பஸ் விட்டது யாரு?” என்றார் ஒரு வியாபாரி.

“ஏகாம்பரம்,” என்றார்கள் எல்லோரும்.

“அந்தப் பக்கத்துல ஒரு எழுத்துப் பிழ இல்லய்யா,” என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உன் கடை போர்டுல ‘குளிர்சாதன’த்துக்குக் காலே காணோம். போ, போயி ஜெராக்ஸ் எடு.”

என் வாழ்க்கையில் நான் செய்யாததைச் செய்தேன் என்று தெரிந்தே சொன்னது அந்த ஒருமுறைதான். அதை ஒருவரும் நம்பவில்லை. உள்ளே எரிந்தாலும் நான் கிளம்பவில்லை.

“சரி தலைவரே, நான் இல்ல. ஜெர்மனியும் இல்ல. என் கடைக்கு வாங்க, காட்டறேன்.”

வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஏன் வந்தார் என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் பக்கத்தில் அன்று புதுப் பதிவு வந்திருந்தது, தலைவரைப் பற்றி என்று ஊரில் பேச்சு. ஆனால் பாபு நிறுத்தியது தலைவர் போனிலும் நின்றிருந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஊரிலேயே தெரியாத ஆள் அவர்தான்.

இருமிவிட்டு வெங்காயத்தைத் திறந்து உட்கார வைத்தேன். “உங்க சங்கத்து வெப்சைட்டுல கருத்துப் பெட்டி கீது பாருங்க. எதனா எழுதி அனுப்புங்க.”

“இன்னாத்த எழுத?”

“உங்க இஷ்டம்.”

தலைவர் ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். அனுப்பினார். “இப்ப அந்த டை கட்டின சாருக்குப் போன் போடுங்க,” என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், இப்ப பெட்டில ஒண்ணு வந்துச்சே, எங்கேந்து?”

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். “நெதர்லாந்து சார். நெதர்லாந்துல இருந்து ஒருத்தர் எழுதியிருக்கார். ‘கஜபதி நல்லவர்’ அப்படின்னு.”

தலைவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வேட்டியைப் பார்த்தார். “நான் ஆரணியிலதானய்யா உக்காந்துகினு கீறேன்?”

“ஆரணியிலதான் கீறீங்க தலைவரே. அவருக்குத்தான் நெதர்லாந்து.”

“அப்ப ஜெர்மனி?”

“அன்னிக்கு அந்தப் பக்கமா போயிருக்கும். நாளைக்கு ருமேனியா வழியா போவும். ருமேனியாவுல யாரு வூட்டுப் பொண்ணு கீதுன்னு இப்பவே பாத்து வச்சுக்குங்க.”

தலைவர் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாத்தியார் தம்பி வீட்டுக்குப் பாவு அனுப்பச் சொல்லிக் கடைக்குப் போன் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பக்கம் இதுல தெரியுமா?” என்றார். திறந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தடுப்புக்கு மேலே அவர் வழுக்கை மட்டும் தெரிந்தது. ஆரம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் அசையவே இல்லை. முதல் பதிவிலிருந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

வெளியே வந்து சொன்னார்: “என் கடைக்குத் திரும்பி வந்த பொடவயும் இப்படித்தான்யா கறுத்துச்சு. எனக்குச் சரிகை போடறவன் எனக்கே செம்பப் போட்டிருக்கான்யா. அசல்னு சொல்லித்தான் வித்தான். நானும் நெசவாளி கூலியில புடிச்சுகினு இருந்திருக்கேன். இத்தன நாளு ஒருத்தன் என்னாண்ட சொல்லலியே.”

“சொன்னாங்க தலைவரே. நீங்கதான் மச்சானச் சொல்லி நிறுத்திட்டீங்க.”

காதை இழுத்துக்கொண்டே போனார். அந்த மாதமே கூலிப் பிடிப்பு நின்றது. சங்கக் கட்டடத்தில் சரிகை சோதிக்கும் மெஷின் வந்தது. பாபு பக்கத்தைத் திறந்துவிட்டான்.

இப்போது தலைவரும் ஓய்வு, நானும் ஓய்வு. தினம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடிக்கிறோம். டீ வருவதற்குள் கேட்டுவிடுவார்: “இப்பவாவது சொல்லுய்யா, யாரு அது?” “நான்தான் தலைவரே,” என்பேன். “த்தூ,” என்று சிரிப்பார். மனைவியிடம் சொன்னதில்லை, கரீம் பாயிடம் சொன்னதில்லை. அந்த வீட்டில் இன்றும் தறி ஓடுகிறது. கடைக்காரர்கள் மாறியிருக்கிறார்கள், கடைக்காரர்களின் கோபம் அதேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத எனக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்படியிருக்க, சங்கத்தின் விழா மலர் போன மாதம் வந்தது. சரிகைச் சோதனை மெஷின் ‘தலைவர் கஜபதி அவர்களின் தொலைநோக்கால்’ வந்ததாம். தலைவருக்கே படித்துவிட்டுச் சிரிப்பு. பாபுவுக்குக்கூட ‘இணையச் சேவைக்காக’ ஒரு போட்டோ. ஏகாம்பரம் என்கிற பெயர் அட்டை முதல் அட்டை வரை இல்லை.

மலர்க் குழுவினருக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த பதிப்பில் மெஷின் வந்த கதையை எழுதும்போது, காரணமானவர்கள் என்று தலைப்புப் போட்டு இரண்டு வரி ஒதுக்குங்கள். இரண்டாவது வரியில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். போட்டோ நானே தருகிறேன், கலரில். முதல் வரி எனக்குரியது இல்லை. அதைக் காலியாக விடுங்கள். அச்சுப் பிழை என்று நினைத்து யாராவது அந்த வரியிலும் என் பெயரைப் போட்டுவிடப் போகிறார்கள், போடக் கூடாது. அந்த வீட்டிலும் மலர் வாங்குவார்கள்.